விரிப்புக்குப் பின்னால்

கட்டில் விரிப்புதான் திரை.
ஓட்வாரின் மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தது,
மூலையில் இன்னும் சோப்பு வாசம்.
ட்ரோன்ட்ஹைம், நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
கார் நிற்கும் கொட்டகையில் ஏழு நாற்காலி.
கார் வெளியே பனியில் நிற்கிறது.

இந்தப் பக்கம் நான்.
கையில் சுவிட்ச், மடியில் தாள்.
இடப்புறம் ஓட்வாரின் ஆம்ப்ளிஃபையர்:
இருவர் தூக்கும் எடை,
ஒரு மீன்பிடிப் படகின் விலை
(படகை விற்றுத்தான் வாங்கினார்).
வலப்புறம், பழஞ்சாமான் சந்தையில்
முந்நூறு குரோனருக்கு நான் எடுத்தது.
பேரம் பேசியதில்
ஒரு வாணலியும் சேர்த்துக் கொடுத்தான் கடைக்காரன்.

ஸ்பீக்கர் இரண்டுக்கும் பொது.
ஒரே செல்லோக்காரி, ஒரே இசைத்தட்டு.
இரண்டாம் நிமிடத்தில் அவள் நாற்காலி
ஒருமுறை கிறீச்சிடும்.
ஓடுவது படகா, வாணலியா?
எழுத வேண்டியது அவ்வளவுதான்.

முதல் சுற்று.
"பல்லைக் கூசுது, இது மலிவு,"
என்றார் எயின்ரிடி.
ஓடியது படகு.

நான் காதுக்கருவி பொருத்துகிறவள்.
இந்த ஏழு பேரில் நாலு பேரின் காது
என் அலமாரியில் கோப்பாக இருக்கிறது.
மார்ச் மாதம் ஓட்வாரை
சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து
சுருதியை மேலே மேலே ஏற்றினேன்.
ஒன்பதாயிரம் அதிர்வில் அவர் விரல் எழவில்லை.
பத்தாயிரத்தில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் பெட்டியோடு வந்த புத்தகத்தில்
நாற்பதாயிரம் வரை என்று போட்டிருக்கிறது.
வௌவாலுக்கு உபயோகப்படும்.
இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாலாம் சுற்றில் தும்மல் வந்தது.
அடக்கினேன்,
அடக்கியதில் சுவிட்சை மறந்தேன்.
மூன்றாவதில் ஓடிய அதே முந்நூறு குரோனர்
நாலாவதிலும் ஓடியது.
அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.
"இது என்னோடது," என்றார் ஓட்வார்,
"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."
குரல் தழுதழுத்தது.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, சரி.
இருட்டில் அது
பக்கத்துக் கூட்டுக் குஞ்சையும்
அதே சிறகால்தான் மூடுகிறது.

சிரிக்க எனக்கு அருகதை இல்லை.
எது எது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தவள்,
படகு ஓடும்போது எனக்கு
செல்லோ பழைய மரமாகக் கேட்டது,
வாணலி ஓடும்போது தகரம்.
ஐந்தாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு
சுவிட்சைக் கண்டபடி தட்டிவிட்டுக் கேட்டேன்.
மரமும் இல்லை, தகரமும் இல்லை.
யாரோ ஒருத்தி மூச்சு வாங்கினாள்,
அவள் நாற்காலி கிறீச்சிட்டது.

மொத்தத்தை மட்டும் படித்தேன்:
முப்பத்தைந்து பதில், பதினேழு சரி.
காசைச் சுண்டியிருந்தால்
காபியாவது ஆறாமல் இருந்திருக்கும்.

யாரோ விரிப்பைக் குற்றம் சொன்னார்கள்,
துணி நாதத்தைக் குடித்துவிடுமாம்.
எயின்ரிடி என் பெட்டியின் விலையை
இரண்டு தடவை கேட்டார்.
ஓட்வார் மட்டும் பேசாமல் வந்து
தன்னுடையதன் மேல் கைவைத்துப் பார்த்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
சுட்டது. எப்போதும் சுடும்.
குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுப் பூனை
அதன்மேல்தான் தூங்குகிறது.
என் பெட்டிமேல் எந்தப் பூனையும் ஏறாது.

இரவு அவரே காரில் கொண்டுவிட்டார்.
ரேடியோவில் கரையோர வானிலை.
ஒரு பக்க ஸ்பீக்கர் கிழிந்து
காற்றின் வேகமெல்லாம் கரகரவென்று வந்தது.
அதைச் சரிசெய்ய அவருக்குத் தோன்றியதே இல்லை போலும்.
ஆற்றுப் பாலத்தில் கேட்டார்:
"நாலாவது என்னோடதுதானே?"

தாள் என் கோட்டுப் பையில் இருந்தது.
வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
"எந்தக் காதுல கேட்டீங்க?" என்றேன்.

யோசித்தார்.
நிஜமாகவே யோசித்தார்,
என் வீட்டு வாசல் வரைக்கும்.